ஆலய ஊழியத்தில் டேப்லெட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருநெல்வேலிப் பக்கத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சேகரங்களில் ஐயர்மார் (போதகர்கள்), அவர்களுக்கு உதவும் உபதேசியார்மார், பாடகர் குழுவினர், ஞாயிறு பள்ளி டீச்சர்கள் என்று பலருக்கும் டேப்லெட் செட் செய்து கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்து ரொம்ப நாளாகிறது. ஒரே சந்தேகத்தை ஆள் மாற்றி ஆள் கேட்கிறார்கள். கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை இங்கே வைத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில். போகப் போக வில்லங்கம் கூடும். மற்ற சபைக்காரர்கள் கேட்டவையும் இடையில் உண்டு.

"போன்லயே பைபிள் இருக்கு. அதுக்கு மேல டேப்லெட் எதுக்குங்க?"

போன் போதும் என்றால் வாங்காதீர்கள். ஒரு முழுப் பக்கத்தை ஒரே பார்வையில் பார்த்தாக வேண்டிய வேலைக்குத்தான் டேப்லெட் உதவும்: பிரசங்கக் குறிப்பு, பாட்டுத் தாள், படுக்கையில் இருக்கும் பாட்டிக்குப் பெரிய எழுத்தில் சங்கீதம் காட்டுவது இந்த மாதிரி. சபைக் கமிட்டி வாங்குவதாக இருந்தால் "யார், என்ன வேலைக்கு" என்று தீர்மானப் புத்தகத்தில் ஒரு வரி எழுதிவிட்டு வாங்குங்கள். அந்த ஒரு வரி எழுத முடியாமல் வாங்கிய டேப்லெட்டுகள் பல ஆலய அலுவலக பீரோவில் சார்ஜ் இறங்கிக் கிடக்கின்றன.

"ஐபேடா, ஆண்ட்ராய்டா? எத்தனை இஞ்ச் வாங்கணும்?"

பிராண்டை விட ஸ்கிரீனின் வடிவத்தைப் பாருங்கள். ஏ4 தாளின் நீளம் அதன் அகலத்தைப் போல 1.41 மடங்கு. பழைய ஐபேடுகளின் ஸ்கிரீன் 4:3, அதாவது 1.33 மடங்கு; இப்போதைய 11 இஞ்ச் ஐபேடுகளில் ஏறக்குறைய 1.43 மடங்கு. ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகளில் பல 16:10, அதாவது 1.6 மடங்கு, சினிமா பார்க்க நல்லது, ஏ4 பிடிஎஃப் திறந்தால் மேலும் கீழும் வெற்றிடம் விட்டு எழுத்து சிறுத்துப் போகும். ஸ்கேன் செய்த பாட்டுப் புத்தகம்தான் முக்கிய வேலை என்றால் இது கண்ணை உறுத்தும். குறிப்பை நீங்களே டைப் செய்து வாசிக்கப் போகிறீர்கள் என்றால் இது ஒரு பொருட்டே இல்லை, விலை குறைந்த ஆண்ட்ராய்டே போதும்.

புல்பிட்டுக்கு (பிரசங்க மேடைக்கு) 10 முதல் 11 இஞ்ச் வரை சரி. 8 இஞ்ச், கையில் பிடித்து வீடு வீடாகப் போகிறவர்களுக்கு வசதி. 13 இஞ்ச், சிலுவை பதித்த சின்ன லெக்டர்னில் (வேதம் வாசிக்கும் சாய்வு மேசையில்) நிற்காமல் வழுக்கும். 128 ஜிபி இருந்தால் வீடியோக்களுக்கும் இடம் இருக்கும். பேனாவால் எழுதுகிறவர் என்றால் பேனா பெட்டிக்குள்ளேயே வருகிறதா, தனிக் காசா என்று கடையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

"சிம் போடுற மாடல் அவசியமா?"

இல்லை. போனிலிருந்து ஹாட்ஸ்பாட் போட்டால் போதும். ஆராதனை நேரத்தில் நெட்டே தேவைப்படாதபடி எல்லாவற்றையும் முன்னமே இறக்கி வைத்துவிட வேண்டும் என்பது என் பிடிவாதம். பண்டிகை நாளில் ஆயிரம் பேர் ஆலயத்தில் கூடினால் டவரும் திணறும்.

"தமிழ் பைபிள் எந்த ஆப்ல நல்லா இருக்கு? நெட் இல்லாம வருமா?"

பரவலாகப் பயன்படுவது யூவெர்ஷன். அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்து லைஃப்.சர்ச் என்ற சபை 2008-இல் வெளியிட்டது. இலவசம், விளம்பரம் கிடையாது. தமிழில் பல பதிப்புகள் உண்டு. ஆனால் எல்லாப் பதிப்பையும் டேப்லெட்டுக்குள் இறக்கிக்கொள்ள முடியாது. பதிப்பாளர் அனுமதித்ததை மட்டுமே முடியும். பதிப்பின் பெயருக்குப் பக்கத்தில் இறக்கும் குறி இருக்கிறதா என்று பாருங்கள். இறக்கிய பிறகு ஏரோபிளேன் மோட் போட்டு, இதுவரை திறக்காத ஒரு அதிகாரத்தை, உதாரணத்துக்கு ஆகாய் 2-ஐத் திறந்து பாருங்கள். வந்தால் சரி. முந்தா நாள் வாசித்த அதிகாரத்தைத் திறந்து சோதிப்பது சோதனை ஆகாது, அது நினைவில் தங்கியிருக்கும்.

எந்தப் பதிப்பு என்பது ஆப்பை விட முக்கியம். சபையார் கையில் இருப்பது இந்திய வேதாகமச் சங்கத்தின் பழைய மொழிபெயர்ப்பு. நீங்கள் மேடையில் வேறு பதிப்பை வாசித்தால் கூடவே விரல் வைத்து வாசிக்கும் தாய்மார் இரண்டாம் வசனத்திலேயே தலை நிமிர்ந்துவிடுவார்கள். கத்தோலிக்கர்களுக்கு 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம். அதில் இணைத்திருமுறை நூல்களும் (கத்தோலிக்கர் கூடுதலாக ஏற்பவை) இருக்கிறதா என்று பார்த்து இறக்குங்கள்.

"என் பழைய பிரசங்கம் எல்லாம் கம்ப்யூட்டர்ல பாமினில அடிச்சது தம்பி. டேப்ல திறந்தா இங்கிலீஷ் எழுத்தா வருது. வைரஸா?"

வைரஸ் இல்லை. என்னிடம் அதிகம் வந்த கேள்வி இதுதான், அதுவும் ஓய்வு பெறப்போகிற ஐயர்மாரிடமிருந்து. பாமினி, வானவில், ஸ்ரீலிபி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் எழுத்தின் படத்தை உட்கார வைத்தவை. கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும்தான். அந்த எழுத்துரு உள்ள கம்ப்யூட்டரில் அது தமிழாகத் தெரியும். டேப்லெட்டில் எழுத்துரு இல்லாததால் உள்ளே இருப்பது அப்படியே வெளியே தெரிகிறது.

அவசரமென்றால் பழைய கம்ப்யூட்டரிலேயே திறந்து பிடிஎஃப் ஆக மாற்றிக் கொண்டுவாருங்கள். எழுத்துரு அதற்குள்ளேயே வந்துவிடும். வாசிக்கலாம், திருத்த முடியாது. நிரந்தரத் தீர்வு, எல்லாக் கருவிக்கும் பொதுவான யூனிகோடு எழுத்து முறைக்கு மாற்றுவது. என்எச்எம் கன்வெர்ட்டர், சுரதாவின் பொங்குதமிழ் போன்றவை இலவசமாகவே செய்யும். பாமினியை வானவில் என்று தவறாகத் தேர்ந்தெடுத்தால் வேறொரு குழப்பம் வரும், அவ்வளவுதான்.

மாற்றிய பின் இரண்டு இடங்களைக் கட்டாயம் கண்ணால் பாருங்கள். ஒன்று, கிரந்த எழுத்துகள். கிறிஸ்து, ஞானஸ்நானம், ஸ்தோத்திரம், ராஜா என்று நம் பிரசங்கத்தில் வரிக்கு ஒன்று வரும், உடைவதும் அவைதான். இரண்டு, நடுவில் ஆங்கிலத்தில் டைப் செய்த மேற்கோள்கள். கருவிக்கு அது ஆங்கிலம் என்று தெரியாது. அதையும் பாமினி என்றே எண்ணி அர்த்தமில்லாத தமிழாக்கி வைத்துவிடும். அந்த வரிகளை முன்னமே வெட்டித் தனியே வைத்துக்கொள்வது நல்லது.

"எனக்கு டைப்பே வராது. பேசினா அதுவா எழுதுமா?"

எழுதும். கூகுள் கீபோர்டான ஜிபோர்டில் தமிழைச் சேர்த்து மைக் குறியைத் தொட்டுப் பேசினால் நன்றாகவே எழுதுகிறது. விரலாலோ பேனாவாலோ எழுதினால் எழுத்தாக மாற்றும் வசதியும் அதிலேயே உண்டு. பேச்சில் தடுமாறுவது வேதாகமப் பெயர்களிடம். நேபுகாத்நேச்சாரும் மகேர்-சாலால்-அஷ்-பாசும் வாயிலிருந்து ஒன்றாக வரும், ஸ்கிரீனில் வேறொன்றாக இருக்கும். வசனத்தைப் பேசி எழுதாதீர்கள், பைபிள் ஆப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டுங்கள்.

டைப் கற்றுக்கொள்ள மனம் இருந்தால் தமிழ்99 பழகுங்கள். தமிழ்நாடு அரசு 1999-இல் அங்கீகரித்த விசை அமைப்பு. ஐபேடில் 2013 முதலே உள்ளமைந்து வருகிறது. ஆண்ட்ராய்டுக்கு செல்லினம் இருக்கிறது.

"பாதிப் பிரசங்கத்துல ஸ்கிரீன் அணைஞ்சுருது. திறந்தா பின் நம்பர் கேக்குது. மானம் போகுது."

சனிக்கிழமை ராத்திரியே செய்து வைக்க வேண்டிய வேலை. ஐபேடில் ஆட்டோ-லாக் என்பதை "நெவர்" என்று வையுங்கள். பல ஆண்ட்ராய்டுகளில் அதிகபட்சம் 10 அல்லது 30 நிமிடம்தான் இருக்கும். ஸ்கிரீனை அணையாமல் வைத்திருக்கும் வசதி உள்ள வாசிப்பு ஆப்பைப் பயன்படுத்துங்கள். திரை சுழல்வதைப் பூட்டுங்கள், இல்லையென்றால் டேப்லெட்டைக் கொஞ்சம் சரித்ததும் பக்கம் படுத்துக்கொள்ளும். வெளிச்சம் தானாகக் கூடிக் குறைவதையும் நிறுத்துங்கள். எழுத்து 20 புள்ளிக்குக் குறையாமல் இருக்கட்டும். உட்கார்ந்து படிக்கும்போது பெரிதாகத் தெரிவது நின்றுகொண்டு பார்க்கும்போது சரியாக இருக்கும்.

பிறகு, விரல் தெரியாமல் பட்டு வேறு ஆப்புக்குத் தாவுவது. ஆண்ட்ராய்டில் "ஆப் பின்னிங்", ஐபேடில் "கைடட் ஆக்சஸ்" என்று தேடுங்கள். போட்டுவிட்டால் நீங்கள் விடுவிக்கும்வரை அந்த ஒரு ஆப் மட்டும்தான் திறந்திருக்கும்.

அடுத்து அழைப்பு. "டேப்லெட்ல சிம்மே இல்லையே, எப்படி ரிங் அடிக்குது?" என்று ஒரு ஐயர் மிரண்டுபோய்க் கேட்டார். ஐபோனும் ஐபேடும் ஒரே கணக்கில் இருந்தால் போனுக்கு வரும் அழைப்பு ஐபேடிலும் அடிக்கும். போன் அமைப்பில் "கால்ஸ் ஆன் அதர் டிவைசஸ்" என்பதை அணையுங்கள். ஏரோபிளேன் மோட் போட்டுவிட்டால் இந்தத் தொல்லையும் வாட்ஸ்அப் தொல்லையும் ஒன்றாகத் தீரும். நெட் இல்லாமல் எல்லாம் ஓட வேண்டும் என்று மேலே பிடிவாதம் பிடித்தது இதற்கும் சேர்த்துத்தான்.

"அப்ப பேப்பரே வேண்டாமா?"

வேண்டும். தலைப்பும் வசன எண்களும் மட்டும் எழுதிய ஒரே ஒரு தாள், பைபிளுக்குள். டேப்லெட் கீழே விழுந்தாலும் பிரசங்கம் நிற்காது.

"ஐயர் கையில பைபிள் இல்லாம ஏதோ கண்ணாடியைத் தூக்கிட்டு வர்றாருன்னு பெரியவங்க முகம் சுளிக்காங்க. என்ன சொல்ல?"

சொல்வதற்கு வரலாறு இருக்கிறது. ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கியபோது தமிழ் எழுதப்பட்டது பெரும்பாலும் பனையோலையில். அவர் அச்சகம் வைத்து, தமிழ் எழுத்து வார்த்து, 1714-15-இல் புதிய ஏற்பாட்டைத் தாளில் அச்சிட்டார். தாள் போதாமல் பொறையாறில் காகித ஆலை வைக்கிற அளவுக்குப் போனது. ஓலைக்குப் பழகிய கண்ணுக்கு அந்த அச்சுப் புத்தகமும் புதுப் பண்டமாகத்தான் இருந்திருக்கும்.

ஆனால் இதைச் சொல்லி வாதாடி ஜெயிப்பதில் எனக்கு ஆர்வமில்லை. வேதபாடங்களை லெக்டர்னில் விரித்திருக்கும் அச்சுப் பைபிளிலிருந்தே வாசியுங்கள், ஊர்வலத்திலும் அதையே எடுத்து வாருங்கள். டேப்லெட் குறிப்புக்கு மட்டும் இருக்கட்டும். இப்படிச் செய்கிற இடங்களில் முணுமுணுப்பு இல்லை. அந்தப் பெரியவர்களே வீட்டில் பேரனின் டேப்லெட்டில் எழுத்தைப் பெரிதாக்கிச் சங்கீதம் வாசிக்கிறார்கள் என்பது வேறு கதை.

"கத்தோலிக்கக் கோயில்ல சாமியார் பூசைப் புத்தகத்துக்குப் பதிலா டேப்லெட் வைக்கலாமா?"

நான் கத்தோலிக்கன் இல்லை, பொதுவில் வந்த தகவலைச் சொல்கிறேன். நியூசிலாந்து ஆயர்கள் 2012-இல் தங்கள் குருக்களுக்கு எழுதிய கடிதத்தில், திருப்பலியில் திருப்பலி நூலுக்குப் பதிலாக ஐபேடோ வேறு மின்கருவியோ கூடாது, வழிபாட்டுக்கென்றே ஒதுக்கப்பட்ட அச்சு நூல்தான் வேண்டும் என்றார்கள். படிப்புக்கும் தயாரிப்புக்கும் கருவிகள் நல்லவை என்பதையும் அதே கடிதத்தில் ஒப்புக்கொண்டார்கள். அது அந்த நாட்டுக்கு. இங்கே என்ன வழக்கம் என்பதை உங்கள் பங்குத்தந்தையிடமே கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் பக்கத்திலும் திருவிருந்து ஆராதனைக்கு அச்சிட்ட ஒழுங்குப் புத்தகம்தான் பீடத்தில் இருக்கிறது, அப்படியே இருக்கட்டும் என்பது என் எண்ணமும்.

"கொயர்ல பாமாலை, கீர்த்தனை எல்லாம் டேப்ல வச்சுப் பாடலாமா? பக்கம் திருப்ப நேரம் ஆகுதே."

பாடலாம். ஐபேடில் ஃபோர்ஸ்கோர், ஆண்ட்ராய்டில் மொபைல்ஷீட்ஸ் என்ற ஆப்கள் இதற்கென்றே உள்ளவை; இரண்டும் காசு கொடுத்து வாங்குபவை. ஆர்கன், கீபோர்டு வாசிப்பவருக்குக் கை ஒழியாது என்பதால் காலால் அழுத்திப் பக்கம் திருப்பும் ப்ளூடூத் பெடல் கிடைக்கிறது. அந்த பெடல் கீபோர்டின் பேஜ்-டவுன் பொத்தானைப் போலத்தான் வேலை செய்யும், ஆகவே பல ஆப்களுக்கு அது பொருந்தும்.

பாமாலையில் சிக்கல் இல்லை, கவி ஒன்று முடிந்து இரண்டு என்று நேராகப் போகும். கீர்த்தனையில்தான் வேலை. ஒவ்வொரு சரணம் முடிந்ததும் பல்லவிக்குத் திரும்ப வேண்டும். பல்லவி முதல் பக்கத்திலும் நாலாம் சரணம் இரண்டாம் பக்கத்திலும் இருந்தால் முன்னும் பின்னும் புரட்டியே ஆள் களைத்துவிடுவார். இரண்டாம் பக்கத்தின் தலையிலும் பல்லவியை ஒட்டி வைத்து பிடிஎஃப் செய்யுங்கள். ராகம், தாளம், உங்கள் சபை பாடும் சுருதி மூன்றையும் மூலையில் எழுதுங்கள். கோப்பின் பெயரைப் பாட்டு எண்ணில் தொடங்குங்கள், அதுவும் மூன்று இலக்கமாக: 007, 045, 212. இல்லையென்றால் பட்டியலில் 100-க்குப் பிறகு 11 வந்து நிற்கும்.

"பாட்டுப் புஸ்தகத்தை போட்டோ எடுத்து பிடிஎஃப் ஆக்கி குரூப்புல போட்டுறலாமா?"

பாட்டைப் பொறுத்தது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி எழுதியவர் இறந்து 60 ஆண்டு வரை உரிமை உண்டு. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் 1864-இல் மறைந்தவர். அவர் கீர்த்தனைகளை யாரும் டைப் செய்து பகிரலாம். இன்று உயிரோடு இருக்கும் ஒரு ஊழியரின் பாட்டு அப்படியல்ல. பழைய பாட்டே ஆனாலும் ஒரு பதிப்பகம் புதிதாகச் சேர்த்த இசைக் குறிப்புக்கும் முன்னுரைக்கும் தனி உரிமை இருக்கலாம்.

"ஆராதனையில பாடுறதுக்கு உரிமை வேண்டாம்னு சொல்றாங்களே" என்று உடனே அடுத்த கேள்வி வரும். சரிதான். அதே சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உண்மையான மதச் சடங்கில் பாட்டைப் பாடுவதை மீறலாகக் கருதாது. விலக்கு பாடுவதற்கு, புத்தகத்தை நகலெடுத்து ஊருக்கெல்லாம் அனுப்புவதற்கு அல்ல. ஆராதனையை யூடியூபில் நேரலை விடும்போது பின்னணியில் யாரோ பதிவு செய்த இசைத் தடத்தை ஓடவிட்டால் யூடியூபின் தானியங்கிச் சோதனை அதைப் பிடித்துவிடும். அது உங்கள் சடங்கையும் பார்க்காது, 52-ஆம் பிரிவையும் பார்க்காது.

"திரையில போற பாட்டை ஐயர் தன் டேப்ல இருந்தே மாத்த முடியுமா?"

முடியும். ஓப்பன்எல்பி என்ற இலவச மென்பொருளைக் கம்ப்யூட்டரில் ஓட்டி, டேப்லெட்டின் பிரௌசரிலிருந்தே வரி மாற்றலாம். இரண்டும் ஒரே வைஃபையில் இருந்தால் போதும், அந்த ரௌட்டருக்கு நெட் இணைப்பே வேண்டாம். ஏரோபிளேன் மோட் போட்டவர்கள் வைஃபையை மட்டும் திரும்ப ஆன் செய்துகொள்ளலாம்.

டேப்லெட்டிலிருந்தே நேராகப் புரொஜெக்டருக்கு வயர் போட நினைப்பவர்கள் வாங்கும் முன் சோதியுங்கள். டைப்-சி துளை இருப்பதாலேயே அதில் வீடியோ வெளியே வரும் என்று அர்த்தமில்லை. விலை குறைந்த பல டேப்லெட்டுகளில் அது சார்ஜுக்கும் கோப்பு மாற்றவும் மட்டும்தான்.

என் தனிப்பட்ட கருத்து: பிரசங்கம் செய்கிறவர் பிரசங்கம் மட்டும் செய்யட்டும். பாட்டு மாற்ற ஒரு வாலிபப் பிள்ளையை உட்கார வையுங்கள், அவனும் ஆராதனைக்கு நேரத்தோடு வருவான்.

"ஞாயிறு பள்ளிப் பிள்ளைங்க கையில குடுக்கலாமா டீச்சர் கேக்காங்க."

ஆளுக்கொன்று வேண்டாம். குழுவுக்கு ஒன்று, டீச்சர் மடியில். கதையை வாயால் சொல்லி முடித்த பிறகு எருசலேம் மதில், கலிலேயாக் கடல் படங்களைப் பெரிதாக்கிக் காட்டுங்கள், வரைபடத்தில் பவுலின் பயணத்தை விரலால் தொடரச் சொல்லுங்கள். இதில்தான் அச்சுப் படத்தைவிட டேப்லெட் ஒரு படி மேல்.

யூடியூபை நேரடியாகப் போடாதீர்கள். தாவீது கோலியாத் கதைக்கு நடுவில் ஏதாவது ஒரு விளம்பரம் வந்து நிற்கும். விடுமுறை வேதாகமப் பள்ளிப் பாட்டுகளுக்கு அதை நடத்தும் அமைப்பு தரும் வீடியோக் கோப்புகளையே முன்னதாக இறக்கி வையுங்கள். ஆப் பின்னிங் பற்றி மேலே சொன்னது இங்கே இரட்டிப்பாகப் பொருந்தும். ஆறு வயதுப் பிள்ளை எந்த ஐயரை விடவும் வேகமாக வெளியே தாவிவிடும்.

"வீடு சந்திப்புக்கும் ஆஸ்பத்திரிக்கும் கொண்டு போலாமா?"

கொண்டு போங்கள், ஆனால் பைக்குள் இருக்கட்டும். துக்க வீட்டில் ஒருவர் அழும்போது நீங்கள் குனிந்து ஸ்கிரீனைத் தள்ளிக்கொண்டிருந்தால், வசனம்தான் தேடுகிறீர்கள் என்று அவருக்குத் தெரியாது. வாசிக்கப் போகும் பகுதியைத் தெருவிலேயே திறந்து வைத்துவிட்டு உள்ளே போங்கள். பேசும்போது குறிப்பெழுத வேண்டாம், வெளியே வந்து எழுதலாம்.

கண் மங்கியவர்களுக்கு எழுத்தைப் பெரிதாக்கி அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுங்கள். பல நாளைக்குப் பிறகு தானே வாசிக்கும் ஒரு முதியவரின் குரலைக் கேட்கலாம். வாசிக்க முடியாதவர்களுக்கு ஃபெய்த் கம்ஸ் பை ஹியரிங் நிறுவனத்தின் பைபிள்.இஸ் ஆப்பில் ஒலி வேதாகமம் இருக்கிறது. ஆஸ்பத்திரி வார்டில் சத்தமாக ஓடவிடாதீர்கள், பக்கத்துக் கட்டிலில் வேறு நம்பிக்கைக்காரர் வலியோடு படுத்திருக்கலாம். ஒரு கட்டிலிலிருந்து அடுத்ததற்குப் போகும் முன் 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் துடைப்பானால் ஸ்கிரீனைத் துடையுங்கள். திரவத்தை ஸ்கிரீன் மேல் நேரடியாகத் தெளிக்கக் கூடாது.

"நாங்க போற மலைக் கிராமத்துல டவரும் இல்ல, தமிழும் சரியாப் புரியாது. இது அங்க உதவுமா?"

அங்கேதான் அதிகம் உதவும். குளோபல் ரெக்கார்டிங்ஸ் நெட்வொர்க் என்ற அமைப்பு 1939-இலிருந்து சிறு மொழிகளில் வேதாகமக் கதைகளை ஒலிப்பதிவு செய்து வருகிறது. அவர்களுடைய 5ஃபிஷ் ஆப்பில் ஆயிரக்கணக்கான மொழிகளும் கிளைமொழிகளும் உண்டு. ஊருக்கு ஏறும் முன் அந்த மக்களின் மொழியைத் தேடி இறக்கிக்கொள்ளுங்கள். 10 இஞ்ச் டேப்லெட்டின் ஸ்பீக்கர் திண்ணையில் உட்கார்ந்த ஏழெட்டுப் பேருக்குத்தான் எட்டும், சின்ன ப்ளூடூத் ஸ்பீக்கரும் பவர் பேங்கும் சேர்த்து எடுத்துப் போங்கள். ஊர்ப் பெரியவரிடம் சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள். அந்த மொழி பேசுகிற ஒருவர் உங்களோடு இல்லையென்றால், பதிவு முடிந்ததும் அவர்கள் கேட்கும் முதல் கேள்விக்கே நீங்கள் விழிப்பீர்கள்.

"ஏஐ-கிட்ட கேட்டா நிமிஷத்துல பிரசங்கம் தருதே?"

தரும். வசன எண்ணைத் தவறாகத் தரும், பழைய மொழிபெயர்ப்பு மாதிரியே ஒலிக்கிற, வேதாகமத்தில் இல்லாத வரியையும் தரும். ஒவ்வொரு வசனத்தையும் ஆப்பில் திறந்து சரிபாருங்கள். பின்னணித் தகவல் திரட்ட, நீளமான குறிப்பைச் சுருக்க உதவட்டும். போன வாரம் ஊரில் யார் வீட்டில் சாவு, எந்தக் குடும்பம் கோர்ட்டுக்குப் போயிருக்கிறது என்பது அதற்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும்.

"சபை ரெஜிஸ்டரையும் ஜெபக்குறிப்பையும் டேப்ல ஏத்திட்டா வேலை சுலபம்தானே?"

தேடுவது சுலபம். ஆனால் கல்யாணப் பதிவேடு தாளில்தான் இருந்தாக வேண்டும். 1872-ஆம் ஆண்டின் இந்திய கிறிஸ்தவத் திருமணச் சட்டம் பதிவுப் புத்தகத்தையும் கையெழுத்துகளையும் கேட்கிறது. டேப்லெட்டில் இருப்பது பார்க்க வசதியான நகல் மட்டுமே.

குடும்ப விவரங்களுக்கு 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதன்படி 18 வயது நிரம்பாத எல்லாரும் குழந்தைகள், அவர்கள் விவரத்தைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். ஞாயிறு பள்ளிச் சேர்க்கைப் படிவத்திலேயே ஒரு ஒப்புதல் வரியும் கையெழுத்தும் வாங்கிவிடுங்கள். டேப்லெட்டுக்குப் பின் நம்பர் கட்டாயம்.

ஜெபக்குறிப்பு சட்டத்தை விட நுணுக்கமானது. "இன்னார் மகளுக்குக் குழந்தை பாக்கியம்" என்று ஐயரிடம் காதோடு சொன்னது ஜெபக் குழு வாட்ஸ்அப்பில் ஏறி, சம்பந்தி வீடு வரை போன சங்கதிகள் உண்டு. பெயரை எழுதாதீர்கள். உங்களுக்குப் புரியும் முதலெழுத்து போதும்.

"காணிக்கைக்கு டேப்ல க்யூஆர் காட்டலாமா?"

அச்சடித்து ஒட்டிய க்யூஆர் போதும், சார்ஜ் இறங்காது. கணக்கு சபையின் பெயரில் இருக்கட்டும். பொருளாளரின் சொந்த எண்ணுக்குப் பணம் வாங்குகிற வழக்கம், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், ஒருநாள் பொதுக்கூட்டத்தில் சண்டையாகும்.

"வெளிநாட்டுச் சபை ஒண்ணு பத்து டேப்லெட் இலவசமா அனுப்புறேங்குது. வாங்கிரலாமா?"

உடனே சரி என்று சொல்லிவிடாதீர்கள். 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் பணத்துக்கு மட்டும் அல்ல, பொருளுக்கும் பொருந்தும். அந்தச் சட்டப்படி பதிவோ முன்அனுமதியோ இல்லாத சபை வாங்கக் கூடாது. "அப்ப பதிவு இருக்கிற இன்னொரு டிரஸ்ட் வாங்கி எங்களுக்குக் குடுக்கட்டுமே" என்பார்கள். வாங்கிய வெளிநாட்டுப் பங்களிப்பை வேறு அமைப்புக்கு மாற்றிக் கொடுப்பதை 2020 திருத்தம் தடுத்துவிட்டது. டயோசிஸ் அலுவலகத்தில் கணக்கு பார்ப்பவரிடம் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிக்கொண்டு பிறகு பேசுங்கள்.

துபாயிலோ மஸ்கட்டிலோ வேலை பார்க்கும் நம்ம ஊர்ப் பிள்ளை, இந்தியக் குடியுரிமையோடு தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பும் பணம் இதில் வராது. அதே பிள்ளை கனடாக் குடியுரிமை வாங்கிவிட்டால் வரும். ஆகவே அனுப்புகிறவரின் பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

"மே மாச கன்வென்ஷன் பந்தல்ல ஸ்கிரீன் மங்கி, அப்புறம் வேலையே செய்யல. பழுதா?"

பழுது இல்லை, சூடு. ஐபேடுக்கு ஆப்பிள் சொல்லும் உச்ச வெப்பம் 35 டிகிரி. எங்கள் ஊர் மே மாதத்துத் தகரப் பந்தலில் பகல் கூட்டம் என்றாலே அதைத் தாண்டிவிடும். முதலில் வெளிச்சத்தைக் குறைக்கும், பிறகு எச்சரிக்கை காட்டி நின்றுகொள்ளும். தடித்த கவரைக் கழற்றுங்கள், மேடையில் சார்ஜ் போடாதீர்கள், ஃபேன் காற்று படும் இடத்தில் நிழலில் வையுங்கள், காரில் விட்டுப் போகாதீர்கள். சூடான டேப்லெட்டைப் பிரிட்ஜில் வைக்கச் சொல்லும் ஆலோசனையைக் கேட்காதீர்கள், உள்ளே ஈரம் கோக்கும்.

"ஐயருக்கு மாற்றல் வந்துட்டு. சபை வாங்கின டேப்லெட்டைத் திருப்பிக் குடுத்துட்டாரு. புது ஐயர் ரீசெட் பண்ணினா பழைய ஐயரோட பாஸ்வேர்டு கேக்குது. என்ன செய்ய?"

ஆண்ட்ராய்டிலும் ஐபேடிலும் திருட்டுக்கு எதிரான பூட்டு இது. பழைய கணக்கை வெளியேற்றாமல் ரீசெட் செய்தால் அந்தக் கணக்கின் பாஸ்வேர்டு இல்லாமல் திறக்காது. கடைக்காரர் "உடைச்சுத் தாரேன்" என்றால் கொடுக்காதீர்கள். பழைய ஐயருக்குப் போன் போடுங்கள். ஐபேடு என்றால் அவர் இருக்கும் இடத்திலிருந்தே தன் ஆப்பிள் கணக்கில் நுழைந்து இந்தக் கருவியை நீக்கிவிடலாம். ஆண்ட்ராய்டு என்றால் பாஸ்வேர்டை அவரே வந்து போடுவதுதான் நல்லது. போனில் சொன்னால், திறந்ததும் அதை மாற்றிவிடச் சொல்லுங்கள்.

அடுத்த முறைக்கு: சபைப் பெயரில் ஒரு மின்னஞ்சல் தொடங்கி, அந்தக் கணக்கில் மட்டும் டேப்லெட்டை இயக்குங்கள். ஐயர் தன் குறிப்புகளைத் தன் சொந்தக் கணக்கில் சேமித்துக்கொள்ளட்டும், அவை அவர் உழைப்பு, அவரோடு போக வேண்டியவை. டேப்லெட்டின் சீரியல் எண்ணைச் சபையின் சொத்துப் பதிவேட்டில் ஏற்றுங்கள். பாஸ்வேர்டை உறையில் போட்டு ஒட்டி, செயலர் கையில் ஒன்றும் பெட்டகத்தில் ஒன்றுமாக வையுங்கள். பொறுப்பு ஒப்படைக்கும் நாளில் பெட்டகச் சாவி, பதிவேடுகள், மைக் என்று பட்டியல் போட்டுக் கையெழுத்து வாங்குவீர்கள் அல்லவா, அதில் "கணக்கு வெளியேற்றப்பட்டது" என்று ஒரு வரியும் சேர்த்து, ஐயர் ஊரில் இருக்கும்போதே திறந்து பார்த்துவிடுங்கள்.